காலை ஊன்றிய பிறகுதான் கவனம் வேண்டும்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு மாடி வரிசை வீடு, ஆறு வயது லாப்ரடார் கலப்பு நாய், பெயர் டைகர், எடை 36 கிலோ, பின்னங்கால் முட்டியில் ஜவ்வு அறுந்து பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஐந்தாம் நாள். காலை இன்னும் ஊன்றவில்லை, கூண்டில் போட்டால் ராத்திரி முழுக்க ஊளை, அம்மா தைலம் தேய்த்து நடக்க விடு என்கிறார், நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். கடைசியாக, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் எப்போது நீந்த விடலாம் என்று ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஜோர்ஜ்டவுனில் மிருக கிளினிக்குகளில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் நாய்களை காடியில் ஏற்றிவிடுவதும், பத்து நாள் கழித்து அதே நாய்கள் தையல் பிரிக்க வரும்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதும் என் வேலை. அப்புறம் என் சொந்த நாய் செல்லிக்கு இரண்டு பின்னங்காலிலும், ஒன்றரை வருட இடைவெளியில், இதே ஆபரேஷன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் டாக்டர் கொடுத்த தாளும் நான் சொல்வதும் எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள், எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும், அது புரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். ஜவ்வு ஆபரேஷன் என்றதும் அறுந்த ஜவ்வைத் தைத்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டைகருக்கு யாரும் ஜவ்வைத் தைக்கவில்லை. கொடிமலை ரயிலை நினைத்துப் பாருங்கள். பெட்டி சரிவில் நிற்கிறது, கீழே வழுக்காமல் ஒரு கம்பி வடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாயின் முட்டியும் அப்படித்தான். கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி மனிதனுக்கு இருப்பதைவிடப் பின்பக்கமாக நன்றாகச் சரிந்திருக்கும், சராசரியாக 25 டிகிரி வரும். அதன் மேல் தொடை எலும்பு உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வழுக்கப் பார்க்கிறது, ஜவ்வுதான் பிடித்து நிறுத்துகிறது. வடம் அறுந்தால் பெட்டி என்ன ஆகும்? டாக்டர் வடத்தை மாற்றவில்லை, மலையையே சமமாக்கிவிட்டார். எலும்பின் தலையை வளைந்த ரம்பத்தால் அறுத்து, சரிவு சுமார் 5 டிகிரிக்கு வரும்படி திருப்பி, பிளேட்டும் திருகாணியும் போட்டு இறுக்கியிருக்கிறார். டிபிஎல்ஓ என்று பில்லில் எழுதியிருப்பார்கள், அது இதுதான். அமெரிக்காவில் பார்க்ளே ஸ்லோகம் என்ற மிருக டாக்டர் கண்டுபிடித்து 1993-இல் எழுதிய முறை, இன்றைக்கும் பெரிய நாய்களுக்கு இதைத்தான் அதிகம் செய்கிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? டைகருக்கு இப்போது இருப்பது கால் முறிவு. டாக்டர் வேண்டுமென்றே, ஒழுங்காகச் செய்த முறிவு, ஆனால் முறிவுதான். ஆகவே ஜவ்வை மறந்துவிட்டு எலும்பு கூடும் கணக்கைப் போடுங்கள். அது பெரிய நாய்க்கு எட்டு வாரம், சில நாய்களுக்குப் பத்து பன்னிரண்டும் ஆகும். ஆனால் வலியோ இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். தொல்லையே இந்த இடைவெளியில்தான். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும் உங்கள் வீட்டில் ஒரு சந்தோஷமான, துள்ளுகிற, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற நாய் இருக்கும், அதன் காலுக்குள் அரைகுறையாகக் கூடிய எலும்பு இருக்கும். கிளினிக்கில் நான் பார்த்தவரை, முதல் வாரத்தில் கெட்டுப்போய் வந்த நாய்கள் குறைவு. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் சோபாவிலிருந்து குதித்து வந்தவைதான் அதிகம்.

உங்கள் நாய்க்கு டிபிஎல்ஓ இல்லை, முட்டிக்கு வெளியே தடித்த நைலான் இழை போட்டு இறுக்கிய முறை என்றால் (சின்ன நாய்களுக்கு அதிகம் செய்வார்கள், அந்த இழையைப் பார்த்தால் தூண்டில்காரர்கள் தங்கள் சாமான் என்று சொல்லிவிடுவார்கள்) கணக்கு கொஞ்சம் மாறும், அதில் சுற்றி வளரும் தழும்புத் திசுதான் கடைசியில் முட்டியைப் பிடிக்கிறது. ஆனால் கட்டுப்பாடு அதிலும் அதேதான், நாள் குறையாது. நீங்கள் பிளேட் என்று எழுதியதால் டிபிஎல்ஓ என்றே வைத்துப் பேசுகிறேன்.

சரி, கால் ஊன்றவில்லை என்ற பயம். ஐந்தாம் நாளில் அதற்காக ஆபரேஷன் தோல்வி என்று முடிவு கட்ட வேண்டாம். நடக்கும்போது பார்க்காதீர்கள், நிற்கும்போது பாருங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நிற்கிறானே, அப்போது குனிந்து அந்தக் காலின் விரல் நுனி தரையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். முதலில் வருவது அதுதான், சும்மா நிற்கும்போது விரல் நுனி தொடும், பிறகு மெதுவாக நடக்கும்போது தொடும், அப்புறம்தான் பாரம் போடும். வேகமாகப் போனால் பல வாரம் வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் ஓடப் பார்ப்பான், மூன்று காலில் ஓடுவது நாய்க்கு அவ்வளவு சுலபம். இரண்டு வாரம் முடிந்தும் விரல்கூடத் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. நன்றாக ஊன்றிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒரு நாள் மறுபடி காலைத் தூக்கிவிட்டால் அன்றைக்கே கூப்பிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. திருகாணி தளர்ந்திருக்கலாம், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். மூன்றையும் நீங்களோ நானோ கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

கணுக்கால் பக்கம் வீங்கி பலூன் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முட்டியில் வெட்டியதற்கு கணுவில் ஏன் வீக்கம் என்று எல்லோரும் பயப்படுவார்கள். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும். முட்டியைச் சுற்றித் தேங்கிய நீரும் இரத்தக் கன்றலும் கீழே இறங்கி அங்கே நிற்கிறது, ஒரு வாரத்தில் வற்றும். விரலிலிருந்து மேல் நோக்கி, தையல் பக்கம் போகாமல், மெதுவாக நீவிவிட்டால் அவனுக்கும் சுகமாக இருக்கும். ஐஸ் ஒத்தடம் முதல் மூன்று நான்கு நாளைக்குத்தான் நல்ல பலன் தரும், இன்னும் வீக்கம் இருப்பதால் தொடர்ந்து கொடுங்கள். உறைந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி முட்டியின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. முட்டியின் வடிவத்துக்கு நன்றாக வளைந்து உட்காரும். அந்தப் பட்டாணியை அப்புறம் சமைத்துவிடாதீர்கள்.

தைலம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நானும் பினாங்குக்காரிதான், எங்கள் பாட்டியும் எதற்கெடுத்தாலும் ஜாதிக்காய்த் தைலம்தான், கோடாலித் தைலம்தான். மனிதன் தேய்த்துக்கொண்டால் நக்குவதில்லை, நாய் நக்கும். கற்பூரமும் வலித் தைலங்களில் இருக்கும் மற்ற சரக்குகளும் வயிற்றுக்குள் போனால் நாய்க்கு விஷம், ஜாதிக்காயும் நாய்க்கு ஆகாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், கடல் அட்டையில் எடுக்கும் காமாட் எண்ணெய் எதுவும் அந்தத் தையல் மேல் படக்கூடாது. நம் ஊர் புழுக்கத்தில் புண் காய்வதற்கு வேண்டியது காற்றும் காய்ந்த தோலும், எண்ணெய் பூசினால் அழுக்கும் ரோமமும் ஒட்டி அங்கேயே ஊறும். தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்திலிருந்து பதினான்கு நாள், குளிப்பாட்டவும் வேண்டாம். நாற்றம் வந்தால் ஈரத் துணியால் உடம்பைத் துடையுங்கள், காலை விட்டுவிட்டு.

அதே மாதிரி வீட்டு மருந்துப் பெட்டி. பனடோல், பொன்ஸ்தான், இபுபுரோஃபென் எதையும் வலிக்கிறதே என்று உடைத்துப் போடாதீர்கள். பொன்ஸ்தான் நம் எல்லோர் வீட்டிலும் ஒரு பட்டை கிடக்கும், பல்வலிக்கு மாதவிடாய் வலிக்கு என்று. நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், டாக்டர் கொடுத்த மருந்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அவர் கொடுத்திருப்பது பெரும்பாலும் கார்புரோஃபென் அல்லது மெலோக்சிகம் என்று நினைக்கிறேன், அதைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, சாப்பிட மறுப்பது, தார் மாதிரி கறுத்த மலம், இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு கிளினிக்கைக் கூப்பிடுங்கள். மலமே போகவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் அது சகஜம், ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகு வலி மருந்து, குடல் தூங்கிவிடும். வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்.

கழுத்துக் கூம்பு. பாவமாக இருக்கிறது என்று சாப்பிடும்போது கழற்றுவதில் தப்பில்லை, நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால். மற்ற நேரம் கழற்றாதீர்கள். ஐந்து நிமிடம் போதும் தையலைப் பிரித்துவிட, நான் பார்த்திருக்கிறேன். காற்றடைத்த டோனட் மாதிரிக் கழுத்துப்பட்டை விற்கிறார்களே, லாப்ரடார் மூக்கு நீளத்துக்கு முட்டி எட்டிவிடும், பிளாஸ்டிக் கூம்பே நல்லது. தினமும் காலையில் அதே வெளிச்சத்தில் தையலை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைவிடச் சிவப்பா, ஈரமா, விரிந்திருக்கிறதா என்று கண் மறந்துவிடும், போட்டோ மறக்காது. டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும்.

இப்போது கூண்டு. நீங்கள் கொடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் செல்லியின் முதல் ஆபரேஷனில் அப்படித்தான் இருந்தது, அதனால் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கூண்டு என்றால் கம்பிக் கூண்டாகவே இருக்க வேண்டியதில்லை. நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கும் அளவுக்கு, ஓடவும் குதிக்கவும் இடம் இல்லாத அளவுக்கு, ஹாலின் ஒரு மூலையில் வேலி மாதிரி அடைப்பு இருந்தாலும் போதும். தாண்டிக் குதிக்காத உயரம் வேண்டும். பின்னால் சமையலறைப் பக்கம் ஒதுக்குப்புறமாக வைத்தால் ஊளையிடத்தான் செய்வான். வீட்டு மனிதர்கள் உட்காரும் இடத்தில், ஒரு ஃபேன் படும்படி வையுங்கள். முதல் சில ராத்திரி யாராவது ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள். மாடியில் உங்கள் அறையில் தூங்கிப் பழகியவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் அழுவது கூண்டுக்காக இல்லை, நீங்கள் மேலே போய்விட்டீர்கள் என்பதற்காக. தூக்கிக்கொண்டு மேலே போகலாமா என்று கேட்காதீர்கள், 36 கிலோ. படிக்கட்டு வாசலில் இன்றைக்கே ஒரு தடுப்பு வையுங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அமைதிப்படுத்த மருந்து உண்டு. டிராசடோன், காபாபென்டின் என்று தருவார்கள். ஆபரேஷன் செய்த காலைக் காப்பாற்றத் தூக்க மருந்து கொடுப்பது தோல்வி இல்லை. நம் ஆட்கள் இதற்கு மட்டும் ரொம்ப யோசிப்பார்கள்.

தரை. எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம் இதுதான், ஏனென்றால் பல ஆயிரம் வெள்ளி செலவழித்து ஆபரேஷன் செய்துவிட்டு நூறு வெள்ளிக்குப் பாய் வாங்காமல் விடுகிறார்கள். நம் வரிசை வீடுகளில் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் பளபளப்பான டைல்ஸ். நல்ல கால் நான்கும் உள்ள நாயே அதில் சறுக்கும். பிள்ளைகள் விளையாடும் ஃபோம் பாய், ஒன்றோடு ஒன்று கோர்க்கிறது, அதை வாங்கி அவன் இடத்திலிருந்து வாசல் வரை ஒரு பாதை போடுங்கள். யோகா பாயும் சரிதான். நகத்தையும் பாதத்துக்கு அடியில் வளர்ந்த ரோமத்தையும் வெட்டிவிடுங்கள், பாதி வழுக்கல் அதில் போகும். வீடு துடைத்தால் தரை காய்ந்த பிறகுதான் அவனை வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே போகும்போது பழைய கைலி ஒன்றை நீளமாக மடித்து வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். அவனைத் தூக்க வேண்டாம், சறுக்கினால் பிடிக்கத்தான். ஆண் நாய் என்பதால் அந்தத் துணி ஒவ்வொரு தடவையும் நனையும், நாலைந்து கைலி தயாராக வையுங்கள். கழுத்தில் கயிறு இல்லாமல் எட்டு வாரத்துக்கு ஒரு அடிகூட இல்லை, வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருந்தாலும் சரி. நீட்டிச் சுருங்கும் கயிறு வேண்டாம், ஆறடிக்குள் சாதாரணக் கயிறு.

நடை கணக்கு இப்படி. முதல் இரண்டு வாரம் ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. மூன்று நான்காவது வாரம் பத்து நிமிடம். ஐந்து ஆறில் கால் மணி நேரம். ஏழு எட்டில் இருபது நிமிடம். எட்டு வாரத்தில் எக்ஸ்ரே, அதில் எலும்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழைய மாதிரி ஓட்டம் என்பது நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது. நிமிடத்தைவிட வேகம் முக்கியம். சாமி ஊர்வலம் மாதிரி, அவ்வளவு மெதுவாக. மெதுவாகப் போனால்தான் அந்தக் காலை ஊன்ற வேண்டிய கட்டாயம் வரும், வேகம் பிடித்தால் தூக்கிக்கொள்வான். ஒவ்வொரு மரத்தையும் மோந்து பார்க்கட்டும், அதுவே நல்ல பயிற்சி.

நம் ஊர் வெயிலில் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். விடிந்ததும் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. புறங்கையை தார்ச் சடக்கில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் வைக்கக்கூடாது. புல் இருக்கும் பக்கம் போங்கள். உங்கள் குடியிருப்புத் தாமானில் தெருநாய்க் கூட்டம் இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், டைகர் சண்டை போடாதவனாக இருக்கலாம், அவை வந்து விழுந்தால் திரும்பிக் குதிப்பான். காலண்டரையும் பாருங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, அதிலும் பினாங்கில் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவு ஹொக்கியன்காரர்கள் தீ கோங் சாமி பிறந்தநாளுக்கு வெடிக்கும் பட்டாசு, ச்சியூ ஜெட்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நள்ளிரவில் கடலே நடுங்கும். அப்படி ஒரு நாள் உங்கள் எட்டு வாரத்துக்குள் விழுந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் அமைதி மருந்து வாங்கி வையுங்கள். சாயங்கால இடிமழைக்கும் அதேதான்.

இப்போது செல்லியின் கதை. முதல் ஆபரேஷன். முதல் மூன்று வாரம் நான் ராணுவம் மாதிரி இருந்தேன். நாலாவது வாரம் அவள் நான்கு காலிலும் அழகாக நடந்தாள், நொண்டலே இல்லை என்று சொல்லலாம். எனக்குப் பாவமாக இருந்தது, கூண்டுக் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்தேன், பகலில் மட்டும், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று. கிளினிக்கில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள் நான். அப்போது ஆயர் ஈத்தாமில் குடியிருந்தோம், மலையடிவாரம், குரங்குகள் வரும். ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் குப்பை போட முன் கேட்டைத் திறந்த நேரம், எதிர் மதிலில் ஒரு குரங்கு. செல்லி என் காலுக்கு இடையில் புகுந்து போனாள். பத்து விநாடிகூட இருக்காது. திரும்பி வந்தபோது மூன்று காலில் வந்தாள். எக்ஸ்ரேயில் முட்டிக்குக் கீழே முன்பக்க மேட்டில் ஒரு விரிசல். பிளேட் அசையவில்லை, மறுபடி வெட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார், ஆனால் கணக்கை முதலிலிருந்து போட்டார். எட்டு வாரம் பதின்மூன்று வாரமானது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு சும்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இரண்டாவது காலுக்கு அந்தக் கேட்டில் உள்பக்கம் இன்னொரு தடுப்பு வைத்தேன், பத்து வாரத்துக்குக் கூண்டுக் கதவு திறக்கவில்லை, ஒரு தொல்லையும் இல்லை.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போவது இந்த விஷயத்தில் நல்லதுதான், சிரிக்காதீர்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அவன் தூங்குவான். நாள் முழுக்க ஆள் இருந்து, காலிங்பெல் அடித்து, பக்கத்து வீட்டு ஆண்ட்டி எட்டிப் பார்த்து, அவன் எழுந்து எழுந்து உட்காரும் வீடுகள்தான் கஷ்டம். காலையில் நடை, பசியாறிய பிறகு போய்விட்டு, மதியம் யாராவது ஒருவர் வந்து ஐந்து நிமிடம் புல்லில் விட்டால் போதும். அம்மா செய்வார் என்றால் கயிற்றை விடாமல் பிடிக்க அவரால் முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். உடம்பைக் களைக்க வைக்க முடியாத நாய்க்கு மூளையைக் களைக்க வையுங்கள். அவன் சாப்பாட்டில் கொஞ்சத்தைப் பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள், மோந்து மோந்து பிரித்து எடுக்க கால் மணி நேரம் ஆகும். வெங்காயம் பூண்டு போடாத கோழிச் சாற்றை ரப்பர் பொம்மைக்குள் ஊற்றி உறைய வைத்துக் கொடுத்தால் இன்னொரு அரை மணி.

எடை. இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. 36 கிலோ ஒரு லாப்ரடார் கலப்புக்கு அதிகமாகத்தான் இருக்கும், விலா எலும்பைத் தடவிப் பார்த்து எண்ண முடியவில்லை என்றால் கண்டிப்பாக அதிகம். ஒரு பக்கம் ஜவ்வு அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு பக்கமும் அறும். ஏனென்றால் இது பெரும்பாலும் ஒரே நாளில் குதித்து அறுவதில்லை, மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து கடைசியில் ஒரு நாள் பட்டென்று போவது. மறு காலும் அதே வயது, அதே எடையைச் சுமக்கிறது, இப்போது கூடுதலாகவும் சுமக்கிறது. உட்காரும்போது அந்தக் காலையும் வெளியே நீட்டி ஒரு பக்கமாக உட்கார ஆரம்பித்தால் கவனியுங்கள், எனக்கு செல்லியின் இரண்டாவது கால் அப்படித்தான் தெரிந்தது. 48 லாப்ரடார்களைப் பிறந்ததிலிருந்து சாகும்வரை பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது, கால்வாசி குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. படுத்தே கிடக்கும் நாய்க்கு முன்பு கொடுத்த அளவைக் கொடுத்தால் எட்டு வாரத்தில் இரண்டு கிலோ ஏறும். செல்லிக்கு நான் கால்வாசி குறைத்தேன், டைகருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். மாமாக் கடை ரொட்டி சானாய் முனை, தோசை விளிம்பு, பிரியாணி மிச்சம் எல்லாம் நிற்க வேண்டும். பாயசத்தில் போடும் திராட்சையும் குழம்பு வெங்காயமும் எடைக்காக மட்டும் இல்லை, நாய்க்கே விஷம். அம்மா ஒளித்துக் கொடுப்பார், எல்லா அம்மாக்களும் கொடுப்பார்கள். வேகவைத்த பீன்ஸ் ஒரு டப்பாவில் வைத்து, கொடுக்க ஆசையாக இருந்தால் இதைக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மூட்டு மாத்திரைகளைப் பற்றிப் பக்கத்துக் கடையில் நிறையச் சொல்வார்கள். மீன் எண்ணெய்க்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். குளுக்கோசமைன் கொடுத்தால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் நான் பார்க்கவில்லை. அந்தக் காசுக்குப் பாய் வாங்குங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று, உண்ணி. படுத்தே கிடக்கிற நாயின் உண்ணி மருந்தை மறந்துவிடுவார்கள். நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம், அதிலும் மூட்டு வலிக்கும், நொண்டும், இரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆபரேஷனுக்கு முன் இரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். இனிமேல் திடீரென்று சோர்ந்து, சாப்பிடாமல், உடம்பு சுட்டால் எல்லாவற்றையும் காலின் மேல் போடாமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தையல் பிரித்த பிறகு காலை மடக்கி நீட்டும் பயிற்சி சொல்லித் தருவார்கள். அவர்கள் கையில் காட்டியதைப் பார்த்துச் செய்யுங்கள், வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, வலிக்கும் இடம் வருமுன் நிறுத்தி, பத்துத் தடவை. அவன் தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால் அதுதான் எல்லை. வாரம் ஒரு தடவை தையற்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஆபரேஷன் கால் சூம்பியிருக்கும், முதலில் இன்னும் சூம்பும், ஆறாவது வாரத்துக்கு மேல் மெல்ல ஏறும். அந்த எண் ஏறுவதைப் பார்க்கும்போதுதான் உங்களுக்குத் தூக்கம் வரும்.

கடைசியில் பத்து ஃபெரிங்கி. நாய்களுக்கான தண்ணீர்ப் பயிற்சி, தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில் எல்லாம் நல்லது, தையல் காய்ந்து டாக்டர் சரி என்ற பிறகு ஆள் பிடித்திருக்க அளவோடு செய்வது. கடல் வேறு. அலை தள்ளும், மணல் வழுக்கும், நீந்தும்போது பின்னங்காலை உதைப்பான், எல்லாவற்றையும்விடத் தண்ணீரைப் பார்த்ததும் காடியிலிருந்து குதிப்பான். எட்டு வார எக்ஸ்ரே நன்றாக இருந்து, நடையில் நாற்பது நிமிடம் நொண்டாமல் வந்து, அப்புறம் ஒரு மாதம். எப்படிப் பார்த்தாலும் நாலு மாதத்துக்குக் குறையாது. போகும்போது காடியின் பின்கதவுக்கு ஒரு பலகைச் சரிவு செய்துகொண்டு போங்கள், ஜெல்லி மீன் ஒதுங்கியிருக்கிறதா என்று கரையைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். அது வரைக்கும் உங்கள் வீட்டு முன் கேட்டுக்கு உள்பக்கம் என்ன தடுப்பு இருக்கிறது என்று இன்றைக்கு சாயங்காலம் போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.